9 மேட்ச், 9 வெற்றி... அப்புறம் ஏன் டீமையே கலைத்தார்கள்? 1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ்

[திரையில்: கருப்பு வெள்ளை அணிப் படம். மேலே பெரிய எழுத்தில் 9–0]

ஒரு கல்லூரி டீம். ஒன்பது மேட்ச் ஆடி ஒன்பதிலும் ஜெயித்தது. டிரா கூட இல்லை. அந்த சீசனோடு கல்லூரி அந்த விளையாட்டையே மூட்டை கட்டிவிட்டது. ஏன்? அதற்குள் ஸ்கிப் பண்ணிவிடாதீர்கள், இதில் ஒரு ஆளைக் கொடுத்து ஒன்பது ஆள் வாங்கிய கதையும் இருக்கிறது.

முதலில் போரடிக்கிற பகுதி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிரணி கபடி மாதிரி விழுந்து மடக்கும். அப்புறம் எதற்கு அதற்கு ஃபுட்பால் என்று பெயர்? என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்துக் கல்லூரி ஆட்டத்தில் ப்ளேஆஃப் கிடையாது. சீசன் முடிந்ததும் நல்ல டீம்களை ‘பவுல்’ என்று ஒரு பெரிய ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். பத்திரிகை வைத்தால்தான் கல்யாணத்துக்குப் போகமுடியும், அந்த மாதிரி. கூப்பிட்டால் பேரும் வரும், பணமும் வரும்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் சேசு சபைப் பாதிரியார்கள் நடத்தும் சின்ன நிறுவனம். அணிக்குப் பெயர் டான்ஸ் (Dons, நடனம் இல்லை), கோச் ஜோ குஹாரிச். ஃபுட்பாலால் கல்லூரிக்கு நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். அந்த நேரத்தில்தான் இப்படி ஒரு டீம் அமைகிறது. ஜினோ மார்ச்செட்டி, இரண்டாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி பிடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். பாப் செயின்ட் கிளேர், ஆறடி ஒன்பது அங்குலம். இறைச்சியைப் பச்சையாகவே சாப்பிடுவார். (எதிரே நிற்கிறவன் மனநிலையை யோசித்துப் பாருங்கள்.) அப்புறம் இரண்டு கறுப்பின வீரர்கள், ஆலி மேட்சன், பர்ல் டோலர். மேட்சன் டெக்சாசில் பிறந்தவர், டோலர் டென்னசியில்.

மேட்சன் அந்த சீசனில் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கஜம். நாட்டிலேயே அதுதான் அதிகம். எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு டச் டவுன் என்று பெயர், அதில் 21. நியூயார்க் போய் ஃபோர்டாம் அணியை 32–26 என்று வென்றார்களே, அந்த ஆட்டத்தில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து, கிட்டத்தட்ட மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்தார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20–2 என்று அடித்து சீசனை முடித்தார்கள்.

இப்போது அழைப்பு வரவேண்டும். மியாமியில் நடக்கும் ஆரஞ்சு பவுலிலிருந்து பேச்சு வந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு என்று வீரர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். மேட்சனையும் டோலரையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். தென் மாநிலங்களில் நிறவெறிச் சட்டம் நடந்த காலம். டீம் போகவில்லை. வெள்ளைக்கார வீரர்கள் இதற்காக உட்கார்ந்து ஓட்டெடுப்பு கூட நடத்தவில்லை, மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இந்த இடம்தான். பவுல் பணம் வந்திருந்தால் கடனில் கொஞ்சமாவது அடைந்திருக்கும். வரவில்லை. கல்லூரி ஃபுட்பாலை நிறுத்திவிட்டது. தோல்வி இல்லை, டிரா இல்லை, அழைப்பும் இல்லை என்றுதான் இன்றும் அந்த டீமைச் சொல்வார்கள்.

சரி, ஒன்பது ஆள் கதைக்கு வருவோம். அந்த டீமின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த ஒரு இளைஞர், பீட் ரோசெல். மேட்சன் மேட்சன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பதுதான் அவருக்கு வேலை. வருடங்கள் ஓடின. மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கிவிட்டு, சிகாகோ கார்டினல்ஸ் அணியில் தொழில்முறை வீரர் ஆனார். ரோசெல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்கு மேலாளர் ஆனார். 1959-இல் ரோசெல் என்ன செய்தார் தெரியுமா? மேட்சன் ஒருவருக்காக ஒன்பது பேரைத் தூக்கிக் கொடுத்தார். ஒன்பது! தான் அடித்த தம்பட்டத்தைத் தானே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். பலன்? அந்த வருடம் ராம்ஸ் ஆடிய 12 மேட்சில் ஜெயித்தது இரண்டு. பத்து தோல்வி. வேறு யாராக இருந்தாலும் வேலை போயிருக்கும். ரோசெல்லுக்கு 1960 ஜனவரியில் பதவி உயர்வு, அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லுக்கே தலைவர், 33 வயதில்! கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். இன்று உலகம் பார்க்கிற சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை ஃபுட்பாலின் இறுதி ஆட்டம், தொடங்கியது அவர் காலத்தில்தான்.

மேட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர், ரோசெல், நாலு பேருமே தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். சின்னக் கல்லூரியின் ஒரே ஒரு சீசன் டீம் அது, மறந்துவிடாதீர்கள்.

டோலர்? 1952-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. ஆட்டக்காரர் வாழ்க்கை தொடங்கும் முன்பே முடிந்தது. பள்ளி ஆசிரியர் ஆனார், தலைமையாசிரியர் ஆனார். 1965-இல், ரோசெல் தலைவராக இருந்த அதே லீகில், முதல் கறுப்பின நடுவராக மைதானத்துக்குள் வந்தார். 1980-இல் சூப்பர் பவுலுக்கும் நடுவர்களில் ஒருவர். மியாமிக்கு வராதே என்று சொன்னவர்கள் அதை டிவியில் பார்த்திருப்பார்கள் என்று நம்புவோம்.

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் கல்லூரியில் ஃபீலன் என்ற அரசியல்வாதி பெயரில் ஒரு மாணவர் விடுதி இருந்தது. ‘கலிஃபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருப்போம்’ என்று தேர்தலில் ஓட்டு கேட்ட ஆள் அவர். 2017-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு டோலர் பெயரை வைத்தார்கள்.

ஒரு ஆளுக்கு ஒன்பது ஆள் என்கிற மாதிரி வேறு விளையாட்டில் ஏதாவது பேரம் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். லைக் போட மறந்தாலும் பரவாயில்லை, அதை மறக்காதீர்கள்.