கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்

(மேரிலாந்தில், லக்ராஸ் சீசன் தொடங்கும் முன் தமிழ்க் குடும்பங்கள் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், கடைசி வரிசையில் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மேரிலாந்தில் குடியிருந்துகொண்டு லக்ராஸ் தெரியாது என்று சொல்ல முடியாது. 2004இல் இந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ அணி விளையாட்டாகவே அறிவித்தது. அமெரிக்க லக்ராஸ் சங்கத்தின் தலைமையகமும் பால்டிமோருக்கு வடக்கே ஸ்பார்க்ஸில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இந்த ஆட்டத்துக்குள் வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இன்று ஆட்ட நுணுக்கம் பேச வரவில்லை. மைதானத்தில் பிள்ளைகளும், அதைவிட முக்கியமாகக் கோட்டுக்கு வெளியே நிற்கும் நாமும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முனையில் வலை கட்டிய நீண்ட மட்டை. அதில் பந்தை ஏந்தி ஓடுவார்கள், வீசுவார்கள், பிடிப்பார்கள். பந்து டென்னிஸ் பந்து அளவுதான். ஆனால் முழுக்கக் கெட்டி ரப்பர், ஏறக்குறைய 145 கிராம். நெஞ்சில் நேராகப் பட்டால், அபூர்வமாக, இதயத் துடிப்பே நின்றுபோகும் ஆபத்து உண்டு. அதனால்தான் 2022 முதல் பையன்கள் ஆட்டத்தில் அதற்கென்று சோதித்துச் சான்று பெற்ற நெஞ்சுக்கவசம் கட்டாயம். பெண்பிள்ளைகள் ஆட்டத்தில் உடல் மோதலுக்கு இடமில்லை. பையன்கள் ஆட்டத்தில் எதிராளியின் மட்டையையும், மட்டையைப் பிடித்திருக்கும் கையுறையையும் தட்டலாம். யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு கோலைக் கொடுத்து, எதிரில் இருப்பவனைத் தட்டிப் பந்தைப் பறி என்று நாமே அனுப்பி வைக்கிறோம். இப்படிப்பட்ட ஆட்டத்தில் மரியாதை என்பது பரிசளிப்பு விழாவில் மட்டும் பேசிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஹெல்மெட்டைப் போல அதுவும் உடம்பைக் காக்கிற பொருள்.

பந்து தரையில் உருள்கிறது என்று வையுங்கள். ஒரு பையன் முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு சாய்த்து, தலையைக் குனிந்து அதை அள்ளப் போகிறான். கண் பந்தில்தான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவன் வேகமாக வருகிறான். குனிந்தவன் இவனைப் பார்க்கவில்லை. இவன் அவனை நன்றாகவே பார்க்கிறான். அரை நொடிதான். மோதினால் பந்து நிச்சயம். தோளை ஒதுக்கி மட்டையை மட்டும் நீட்டினால், பந்து கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விதிப்புத்தகம் தெளிவாக இருக்கிறது. 12 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரை உடலால் மோதுவதே கூடாது. அதற்கு மேலும், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவன் மேல் மோதக் கூடாது. தலையிலோ கழுத்திலோ அடித்தால் 2 அல்லது 3 நிமிடம் வெளியே. அதற்குள் எதிரணி கோல் போட்டாலும் தண்டனை குறையாது. எல்லாம் சரி. ஆனால் மைதானத்தில் இருபது பையன்கள், நடுவர்கள் இரண்டே பேர். தோளை ஒதுக்குவதா வேண்டாமா என்று அந்த அரை நொடியில் முடிவெடுப்பவன் பையன்தான்.

அப்போது அவன் காதில் என்ன விழுகிறது? நாம் கத்துவதுதான். "விடாதே! போட்டுத் தள்ளு!" என்று தமிழில் கத்தினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்கிறோம். நம் பிள்ளைக்குப் புரிகிறது. எதிரணியில் ஆடும் இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்கும் புரிகிறது. தன்னைத் தள்ளச் சொல்வது தனக்குத் தெரிந்த ஒரு மாமா என்பதும் அவனுக்குப் புரிகிறது. இதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. பாசத்தில், பதற்றத்தில் வாயில் வருவதுதான். ஆனால் அந்தப் பதற்றத்தை நாம்தான் அடக்கப் பழக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அடக்கத்தை எதிர்பார்க்கிற நமக்கு அந்தக் கடமை உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். யாருக்காவது அடிபட்டால் நடுவர் விசில் ஊதுவார். அத்தனை பிள்ளைகளும் நின்ற இடத்திலேயே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிடுவார்கள். விழுந்த பையன் எழுந்ததும் இரண்டு அணியும் கை தட்டும். முதல்முறை பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு வரிசையாக வந்து கையுறையோடு கையுறை தட்டிக்கொள்வார்கள். தோற்ற பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தால் விட்டுவிடக் கூடாது, அப்புறம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜெயித்தவன் எதிரணி கோலியின், அதாவது கோல் காக்கும் பையனின், முன்னால் போய் ஆடிக் காட்டினாலும் அப்படித்தான். எட்டு கோல் வாங்கிய கோலியிடம் "நன்றாகத் தடுத்தாய்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

இனி நடுவர்கள். இதில் எனக்கு வருத்தம் அதிகம். 2018–19க்குப் பிந்தைய மூன்று நான்கு ஆண்டுகளில், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, ஏறக்குறைய 50,000 உயர்நிலைப் பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாக அமெரிக்கப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு சொன்னது. பெருந்தொற்று ஒரு காரணம். பெற்றோரும் பார்வையாளர்களும் வாயில் வந்ததைப் பேசுவது இன்னொரு காரணம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊத வருபவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பள்ளிப் பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை, அப்படி வந்த ஒரு பெண்ணை, கோட்டோரமாகவே நடந்து நடந்து ஒரு தந்தை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், படித்தவர். அந்தப் பெண் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வாரம் கடிகாரம் பார்க்கும் வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் தவறாக விசில் ஊதியிருக்கலாம். நம் பிள்ளைகளும் பந்தைத் தவறவிடுகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைத் துரத்திக்கொண்டு நடப்பதில்லை. சந்தேகம் இருந்தால் கோச் கேட்பார், அதற்கென்று முறை இருக்கிறது. நம் வேலை அது இல்லை.

இந்த ஆட்டம் யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஆடியது இது. ஆறு இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்களுக்கு இது படைத்தவர் தந்த ஆட்டம். நோயுற்ற ஒருவருக்காக, ஊரின் நலத்துக்காக, மருந்தாக ஆடுவார்கள். கோபத்தோடு மட்டையைத் தொடாதே என்று அங்கே பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1860களில் மான்ட்ரியாலைச் சேர்ந்த பியர்ஸ் என்ற பல் மருத்துவர் இதற்கு எழுத்து விதிகள் வகுத்தார். 1880 வாக்கில் கனடாவின் அமெச்சூர் போட்டிகளிலிருந்து, பணம் வாங்கி ஆடுபவர்கள் என்ற காரணம் காட்டி, பழங்குடியினரையே ஒதுக்கினார்கள். ஆட்டத்தை வாங்கிக்கொண்டு ஆட்டக்காரரை வெளியே நிறுத்துவதைவிடப் பெரிய அவமரியாதை என்ன இருக்கிறது?

பழைய கதை என்று விட முடியாது. 2019 ஜனவரியில் ஃபிலடெல்பியாவில் ஒரு தொழில்முறை ஆட்டம். அந்த ஆறு இனங்களில் ஒன்றான ஒனொண்டாகாவைச் சேர்ந்த லைல் தாம்ப்சன், உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், நீளமாகப் பின்னிய சடையோடு ஆடுபவர். அந்தச் சடையை வெட்டுங்கள் என்று அரங்க ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பாளர் கூவினார். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, விடுதிப் பள்ளிகளில் அடைத்து, முதல் வேலையாக முடியை வெட்டிய நாடு இது. அந்தச் சொல் அவருக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும்? ஃபிலடெல்பியா அணி மன்னிப்புக் கேட்டது, அறிவிப்பாளர் வேலை இழந்தார்.

நம் பிள்ளைகளும் பெயருக்காக, நிறத்துக்காக, மதிய உணவுக்காகக் கிண்டலுக்கு ஆளாகிறார்கள். அதே பிள்ளைகள் இன்னொருவரைக் கிண்டல் செய்தும் இருப்பார்கள். நம் வீட்டுப் பேச்சில் 'கறுப்பு' என்ற சொல் எப்படியெல்லாம் வருகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளை மைதானத்துக்குக் கொண்டுபோகிறான்.

அயர்லாந்து செய்ததையும் சொல்ல வேண்டும். 2018 லக்ராஸ் உலகப் போட்டியில் ஹோடினோஷோனி அணி மூன்றாம் இடம் பிடித்தது. அப்போது அதற்கு இராக்குவா நேஷனல்ஸ் என்று பெயர். ஆனால் அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடக்கவிருந்த உலக விளையாட்டுகளில் (ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான 'வேர்ல்ட் கேம்ஸ்') அவர்களுக்கு இடம் இல்லை. தனி நாடு இல்லை, ஒலிம்பிக் குழு இல்லை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு தகுதி விதியை மாற்றினார்கள். ஆனால் எட்டு இடங்களும் நிரம்பிவிட்டன. 2020இல் அயர்லாந்து அணி தானாக விலகி, அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. நாட்டின் சட்டையைப் போட்டு ஆடக் காத்திருந்த அந்த இளைஞர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. யாரும் அவர்களை விலகச் சொல்லவும் இல்லை. 2022இல் ஹோடினோஷோனி அணி பர்மிங்ஹாமில் ஆடியது. கோப்பை யாருக்குப் போனது என்பதைவிட இதைத்தான் நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்கிறேன்.

2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் மறுபடி வருகிறது, அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவத்தில். கடைசியாக அது பதக்க ஆட்டமாக இருந்தது 1908 லண்டனில். கனடாவும் பிரிட்டனும் மோதிய அந்த ஒரே ஆட்டத்தில் கனடாக்காரர் ஒருவரின் மட்டை உடைந்தது. புது மட்டை கிடைக்கும்வரை தானும் வெளியே நிற்கிறேன் என்றார் எதிரணிக்காரர்.

அடுத்து, வீட்டுக்குத் திரும்பும் கார் பயணம். பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையோடு பின் இருக்கையில் உட்கார்ந்ததும் நாம் ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் பாஸ் ஏன் விட்டாய், பக்கத்து வீட்டுப் பையன் மூன்று கோல் போட்டான், நீ ஏன் போடவில்லை. நம் ஊர்ப் பழக்கம், நல்லதுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அரைமணி நேரப் பயணத்துக்குப் பயந்தே ஆட்டத்தை விட்ட பிள்ளைகள் உண்டு. பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி அவனே பேசினால் கேளுங்கள், இல்லையென்றால் பாட்டுப் போடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. ஒவ்வொரு அணியும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பார்வையாளர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை நிறுத்த வேண்டும் என்று இளையோர் விதிகள் சொல்கின்றன. யாராவது குரல் உயர்த்தினால் பக்கத்தில் போய் நின்று தணிவாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை போதும். இதுவரை இந்தப் பொறுப்புக்கு நம் குடும்பங்களிலிருந்து யாரும் பெயர் கொடுக்கவில்லை. வாசல் பக்கம், காபி மேசையில் தாள் வைத்திருக்கிறேன். முதல் நான்கு சனிக்கிழமைகளுக்கு ஆள் வேண்டும். முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன்.