அந்தந்த நீருக்கு அந்தந்த மீன்

நேயர்களுக்கு வணக்கம்.

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கம். நீந்தும் திறன் பிறப்பிலேயே வருவது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தக் குஞ்சு எந்த நீரில் நீந்துவதற்காகப் பிறந்தது என்று கேட்டால், விடை அவ்வளவு எளிதன்று. ஒரே இனம், ஒரே பெயர் என்றிருந்தாலும், ஓர் ஆற்றில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த மீன்கள் அடுத்த ஆற்றில் வாழ்பவற்றிலிருந்து மரபணு அளவிலேயே வேறுபட்டிருக்கக்கூடும். அந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இரண்டு இடத்து மீன்கள் பார்வைக்கு வேறுபடுகின்றன என்பதால் மட்டும் அது மரபுவழி வந்த வேறுபாடு என்று முடிவு கட்டிவிட முடியாது. இரை நிறையக் கிடைத்த மீன் கொழுத்திருக்கும், கிடைக்காதது மெலிந்திருக்கும். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு இடங்களின் முட்டைகளையும் ஒரே வெப்பநிலையிலும் ஒரே தீனியிலும் வளர்த்துப் பார்க்கிறார்கள். அப்போதும் வேறுபாடு நீடித்தால், அதன் வேர் மரபணுவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தச் சோதனை சில வேளைகளில் கண்ணுக்கே தெரியாத வேறுபாட்டையும் வெளிக்கொண்டு வந்துவிடுகிறது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் நெடுகிலும் வாழும் அட்லாண்டிக் சில்வர்சைடு என்னும் சிறு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கோடை குறுகியது, தெற்கே நீண்டது. ஆனால் வளர்பருவம் முடியும்போது அளந்து பார்த்தால் இரு பகுதி மீன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. ஒரே தொட்டியில் வளர்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. வடக்கத்தி மீன்கள் தெற்கத்தி மீன்களை மிஞ்சி விரைவாக வளர்ந்தன. குறுகிய கோடையின் இழப்பை வேகத்தால் ஈடுகட்டும் திறன் அவற்றுக்குப் பரம்பரையாக அமைந்திருந்தது. அப்படியானால் தெற்கத்தி மீன்களும் ஏன் அதே வேகத்தில் வளரவில்லை? வேகத்துக்கு விலை உண்டு. விரைந்து வளரும் மீன்கள் நீந்துவதில் பின்தங்கிப் பகைமீன்களுக்கு எளிதில் இரையாகின்றன என்று சோதனைகள் காட்டின. எந்த நீருக்கும் பொருந்தும் சிறந்த மீன் என்று ஒன்று கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று நான் நினைப்பதுண்டு.

டிரினிடாட் தீவின் மலையோடைகளில் வாழும் கப்பி மீன்களின் கதை இன்னும் நேரடியானது. அருவிக்குக் கீழே, வளர்ந்த கப்பிகளை விழுங்கும் பெரிய மீன்கள் உண்டு. அருவியின் மேலே அவை ஏற முடிவதில்லை. கீழே வாழும் கப்பிகள் சிறிய உடலிலேயே பருவமடைந்து, ஒரே ஈற்றில் சிறிய குஞ்சுகளை அதிக எண்ணிக்கையில் ஈனுகின்றன. நாளை உயிரோடு இருப்போமா என்பது உறுதியில்லாத இடத்தில் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடும் மீனின் வழி தொடர்வதில்லை. 1976-ஆம் ஆண்டில் ஜான் எண்ட்லர் என்னும் ஆய்வாளர், கீழ்ப்பகுதிக் கப்பிகளில் சிலவற்றைப் பிடித்து, கப்பிகளும் அவற்றின் கொடும்பகைகளும் இல்லாத ஒரு கிளையோடையில் விட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து அவற்றின் வழித்தோன்றல்கள் முன்னோரைவிடத் தாமதமாகவும் பெரிய உடலோடும் பருவமடைந்தன. ஆய்வகத்தில் இரண்டு தலைமுறை வளர்த்து, தாயின் உடல்நிலை விட்டுச்செல்லும் பாதிப்பை நீக்கிய பிறகும் அந்த வேறுபாடு நிலைத்தது. பரிணாமம் என்றாலே பல இலட்சம் ஆண்டுகள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களை வியக்க வைத்த முடிவு இது.

இவ்வளவு விரைவு எப்படிச் சாத்தியமாகிறது? புதிய மரபணு மாற்றம் ஒன்று தற்செயலாகத் தோன்றுவதற்குக் காத்திருந்தால் பதினோரு ஆண்டுகள் போதா. பல வேளைகளில் தேவையான மரபணு வடிவம் கூட்டத்துக்குள் முன்பே அரிதாக ஒளிந்திருக்கிறது என்பதே விடை. இதற்கு ஸ்டிக்கிள்பேக் என்னும் முள்முதுகு மீனைவிட நல்ல சாட்சி இல்லை. கடலில் வாழும் ஸ்டிக்கிள்பேக்கின் விலாவில், தலையிலிருந்து வால் வரை முப்பதுக்கும் மேற்பட்ட எலும்புத் தகடுகள் கவசம்போல் அடுக்கப்பட்டிருக்கும். பனியுகத்தின் இறுதியில் பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது உண்டான நன்னீர் ஏரிகளுக்குள் இம்மீன்கள் குடியேறின. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏராளமான ஏரிகளில் தனித்தனியே கவசத்தின் பெரும்பகுதியை இழந்தன. இதற்கு முதன்மைக் காரணம் ஈடிஏ என்னும் ஒரே மரபணுதான் என்று 2005-இல் அறியப்பட்டது. தகடு குறைந்த வடிவத்தின் ஒரு நகலையும் முழுக்கவச வடிவத்தின் ஒரு நகலையும் பெற்ற மீன் பெரும்பாலும் முழுக்கவசத்தோடே காணப்படும். கடலில் தகடு குறைந்த வடிவம் வெளியே தெரியாமல் தலைமுறைகளைக் கடந்து வருவது இதனால்தான். ஏரிக்குள் வந்து சேரும் ஒவ்வொரு கூட்டமும் தன்னையறியாமல் அதைச் சுமந்து வருகிறது.

அலாஸ்காவின் லோபெர்க் ஏரியில் இது மனிதர் கண்முன்னேயே நிகழ்ந்தது. தூண்டில் மீன்பிடிப்பை மேம்படுத்துவதற்காக 1982-இல் அந்த ஏரியில் நஞ்சிட்டு, இருந்த மீன்களை அழித்தார்கள். பின்னர் கடலிலிருந்து ஸ்டிக்கிள்பேக்குகள் தாமாக வந்து குடியேறின. 1990-இல் பிடித்தவற்றில் நூற்றுக்கு 96 முழுக்கவசம் கொண்டவை; 2001-இல் அந்த எண்ணிக்கை 11 ஆகக் குறைந்திருந்தது.

நாம் நீரில் கலக்கும் நஞ்சும் இதே முறையில் தெரிவு செய்கிறது. நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1976 வரை தொழிற்சாலைக் கழிவாகப் பிசிபி என்னும் வேதிப்பொருள்கள் கொட்டப்பட்டன. பெரும்பாலான மீன்களின் கருவில், இவை ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு பிணைந்து இதய வளர்ச்சியைச் சிதைக்கின்றன. ஆனால் அந்த ஆற்றின் டாம்காட் மீன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், அப்புரதத்துக்கான மரபணுவில் ஆறு எழுத்துகள், அதாவது டிஎன்ஏவின் ஆறு அடிப்படை அலகுகள், விடுபட்டிருப்பது கண்டறியப்பட்டது. புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு; நஞ்சு அதைப் பற்றிக்கொள்ளும் வலிமை தளர்ந்துவிடுகிறது. இதை இயற்கையின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. தாக்குப்பிடித்த மீன் தன் உடலில் நஞ்சைச் சேர்த்துக்கொண்டே வாழ்கிறது, அதை விழுங்கும் மீனுக்கும் அந்த நஞ்சு போய்ச் சேருகிறது.

கடலில் தடைகள் இல்லாததால் கூட்டங்கள் கலந்து வேறுபாடுகள் கரைந்துபோகும் என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஹெர்ரிங் மீன் அந்தக் கருத்தை மாற்றியது. வட ஐரோப்பாவின் பால்டிக் கடலின் நீர் உப்புக் குறைந்தது. அதனுள் ஊடுருவும் ஒளியும் சிவப்பின் பக்கம் சாய்ந்தது. அங்குள்ள ஹெர்ரிங்கின் விழித்திரைப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, அந்த ஒளிக்கேற்பப் பார்வையைத் திருத்தியிருக்கிறது. உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் மீனினங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதே இடத்தில் இதே மாற்றத்தைக் கொண்டுள்ளன.

பொரிப்பகத்தில் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் பணியைச் செய்வோர் இவற்றையெல்லாம் கருத்தில் கொள்ள வேண்டியவர்கள். பொரிப்பகத் தொட்டியும் ஒரு வாழிடமே: அங்கே பகைமீன் இல்லை, தீனி வேளைதவறாமல் விழுகிறது, நெரிசலைப் பொறுத்துக்கொள்ளும் குஞ்சு பிழைக்கிறது. ஒரெகான் மாநிலத்து ஹூட் ஆற்றின் ஸ்டீல்ஹெட் மீன்களை மரபணு வழியே பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, தொட்டியில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆற்றில் வழித்தோன்றல்களை விட்டுச்செல்லும் திறன் சுமார் 40 விழுக்காடு குறைகிறது என்று மதிப்பிட்டது. அந்த மீன்களும் தங்களுக்குக் கிடைத்த நீருக்கேற்ப மாறியிருந்தன. அந்த நீர் ஆறாக இருக்கவில்லை.

வணக்கம்.