சாட்சி சொன்ன மொழி

நேயர்களுக்கு வணக்கம். எனக்குத் தொழில் சிவில் வழக்குகள். பைத்தியம் இத்தாலிய மொழி. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அது ஒரு நில வழக்கு.

கி.பி. 960, மார்ச் மாதம். நேப்பிள்ஸுக்கு வடக்கே கபுவா என்ற ஊர். புனித பெனெதிக்தின் பெயரால் நடந்த மோந்தேகஸ்ஸீனோ கிறிஸ்தவ மடத்து நிலங்கள் தன் குடும்பச் சொத்து என்று ரொதெல்கிரீமோ என்பவர் வழக்குப் போட்டார். மடத்தார் சொன்ன பதிலை நம் ஊர்க் கோர்ட்டுகளில் இன்றும் கேட்கலாம்: முப்பது வருஷமாக அனுபவத்தில் வைத்திருப்பது நாங்கள்தான். நீதிபதி அரெக்கீசி மூன்று சாட்சிகளைத் தனித்தனியாக அழைத்தார். எல்லை எழுதிய ஏட்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் தொட்டு, மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வாசிக்கிறேன், காது கொடுங்கள்:

'சாவோ கோ கெல்லே தெர்ரே, பெர் கெல்லே ஃபீனி கே கி கொந்தேனே, த்ரெந்தா அன்னி லே பொஸ்ஸெத்தே பார்த்தே சாங்க்தி பெனெதிக்தி.'

'இன்ன எல்லைக்குள் அடங்கிய அந்த நிலங்களை முப்பது வருஷம் புனித பெனெதிக்த் மடத்தார் அனுபவித்தார்கள் என்று எனக்குத் தெரியும்.' அவ்வளவுதான். வாக்கியத்தை நீதிபதியே முன்கூட்டி வகுத்துக் கொடுத்திருந்தார். சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது அப்போதே உண்டா என்று என் வக்கீல் நண்பர்கள் சிரிப்பார்கள்.

விஷயம் அதுவல்ல. பத்திரம் முழுக்க லத்தீன். இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஜனங்கள் பேசிய மொழி. எழுதியவருக்கு லத்தீன் வராமல் இல்லை, மற்றதெல்லாம் லத்தீன்தானே! சுற்றி நின்ற ஊராருக்கும் புரியட்டும் என்றுதான் அப்படியே எழுதியிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்றைக்கும் இத்தாலியில் நிலங்கள் 'தெர்ரே'தான், முப்பது 'த்ரெந்தா'தான். இத்தாலிய மொழியின் பிறப்புச் சான்றிதழ் என்று இந்தப் பத்திரத்தையே காட்டுகிறார்கள்.

வாயிலிருந்து ஏட்டுக்கு ஏறிய மொழி, பிறகு ஏட்டிலேயே தங்கிவிட்டது. அதுதான் எனக்கு வேடிக்கை. கவிஞர் தாந்தே தாய்மொழியின் பெருமையைப் பேச ஒரு நூல் எழுதினார், அதையும் லத்தீனில்! ஆனால் தன் பெருங்காவியத்தை ஃப்ளோரன்ஸ் பேச்சில் பாடிவிட்டு, 1321-இல் இறந்தார். அடுத்து வந்த பெத்ரார்க்கா கவிதையிலும், பொக்காச்சோ கதையிலும் அதே மொழியை எடுத்தார்கள். அப்புறம் 1525-இல் பெம்போ என்ற வெனிஸ்காரர் ஒரு விதி வகுத்தார்: கவிதைக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் பொக்காச்சோ, அவர்களைப் போல எழுது. இருவரும் இறந்து அப்போதே நூற்றைம்பது வருஷம்!

1583-இல் ஃப்ளோரன்ஸில் ஒரு சபை கூடியது. அதன் பெயர் க்ரூஸ்கா, அதாவது தவிடு. மாவைச் சலித்துத் தவிட்டைத் தள்ளுகிற மாதிரி மொழியைச் சலிப்பார்களாம். சின்னமும் மாவு சலிக்கும் இயந்திரம். 1612-இல் அகராதி போட்டார்கள். சபை இன்றும் இருக்கிறது. என்னைக் கேட்டால், சத்து தவிட்டில்தான் என்று நம் பாட்டிமார்கள் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

ஏனென்றால் வீதியில் பேசியது வேறு. மிலானில் ஒன்று, நேப்பிள்ஸில் ஒன்று, சிசிலியில் ஒன்று. 1861-இல் நாடு ஒன்றானபோது, நூறு பேரில் இரண்டரைப் பேருக்குத்தான் இத்தாலியம் தெரியும் என்பது ஒரு கணக்கு. தாராளமாகப் போட்டவர்களும் பத்துப் பேரைத் தாண்டவில்லை. புது நாட்டின் அரசர் பேசியது பியெமோந்தே வட்டாரப் பேச்சு. பிரதமர் கவூருக்குப் பிரெஞ்சுதான் சரளம். நாவலாசிரியர் மன்சோனியின் பாடு இன்னும் பாவம். மிலான்காரர். தன் கதைக்கு இத்தாலியச் சொல் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. 1827-இல் நாவல் வெளிவந்தது. அதே வருஷம் குடும்பத்தோடு ஃப்ளோரன்ஸ் போனார். அந்த ஊர் ஆர்னோ ஆற்றில் துணியை அலசப் போனேன் என்றார்; துணி என்றது தன் மொழியை. அலசி முடித்துத் திருத்திய பதிப்பு வர 1840 ஆகிவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சரி, சுருக்குகிறேன்.

மொழியைத் திரும்பவும் எல்லோர் வாயிலும் வைத்ததில் பள்ளிக்கூடம், பட்டாளம், வேலை தேடி வடக்கே போன ரயில் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய வேலையைச் செய்தது டிவி. 1954 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெட்டி ஏது? காப்பிக் கடையில் கூடிப் பார்த்தார்கள். பஞ்சாயத்து டிவி முன் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மன்சி என்ற வாத்தியார் அதில் தோன்றி, கரித்துண்டால் படம் போட்டுப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவரைப் பற்றியே பத்து நிமிடம் வைத்திருந்தேன், போயிற்று.

வீரமாமுனிவரும் பாக்கி. 1680-இல் வட இத்தாலியில் பிறந்தவர். ஏடு ஒன்று, வாய் ஒன்று என்றிருந்த நாட்டிலிருந்து வந்த அந்த மனிதர் இங்கே செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், கொடுந்தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் என்று எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணத்தை எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? லத்தீனில்.

விளக்கு எரிகிறது. வணக்கம்.