வசதியா, அந்தரங்கமா? 'அந்தரங்கமே' என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பேராசிரியை அவர்களே, இரவு பத்து மணியை நெருங்கியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

அன்றாடத் தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வசதியா, அந்தரங்கமா என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை ஒரே ஒரு கேள்வியில் இந்த அரங்கத்தின் கைதட்டல் முழுவதையும் அள்ளிக்கொண்டார். "எங்கள் வீட்டில் இன்று கத்தரிக்காய்க் குழம்பா, முருங்கைக்காய்ச் சாம்பாரா என்று தெரிந்துகொண்டு கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகப் போகிறது? மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டார். நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கத்தரிக்காய்க்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

அதற்கு முன் ஒரு டார்ச் லைட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நடுவர் அவர்கள் மணியடிக்காமல் பொறுத்துக்கொண்டால், நிதானமாகச் சொல்வேன். ஏனென்றால் நாம் இன்று விவாதிக்கும் அத்தனையும் அந்த ஒரு கதைக்குள் அடங்கியிருக்கிறது. இன்று கைப்பேசியை வாங்கும்போதே டார்ச் அதற்குள் இருக்கிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பல போன்களில் அதற்கென்று ஒரு செயலியைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு போன்களுக்கென 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்று ஒரு இலவசச் செயலி வந்தது. கோடிக்கணக்கான முறை அது இறக்கப்பட்டது. அதற்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தொட்டால் எரிய வேண்டும், மறுபடி தொட்டால் அணைய வேண்டும்.

அந்தச் செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் மீது 2013 டிசம்பரில் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. என்ன குற்றச்சாட்டு? டார்ச் அடிக்கிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதையும், அவருடைய போனுக்கே உரிய அடையாள எண்ணையும், அந்தச் செயலி விளம்பர நிறுவனங்கள் உள்ளிட்ட மூன்றாம் ஆட்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பதுதான். கொல்லைப்புறத்தில் ஏதோ சரசரக்கிறது என்று நீங்கள் டார்ச் அடிக்கிறீர்கள். அந்தக் கொல்லைப்புறம் பூமியில் எங்கே இருக்கிறது என்ற செய்தி, நீங்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு நிறுவனத்திற்குப் போய்ச் சேருகிறது. மருத்துவமனைப் படிக்கட்டில் மின்சாரம் போய்விட்டதே என்று டார்ச் அடிக்கிறீர்கள். நீங்கள் மருத்துவமனையில் நிற்கிறீர்கள் என்பது போகிறது.

கதை இன்னும் முடியவில்லை. இதற்குப் பிறகு வருவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்த பகுதி. அந்தச் செயலியை முதன்முறை திறந்தால் ஒரு நீண்ட ஒப்பந்தம் வரும். அதன் அடியில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, இரண்டில் எதை அழுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பொறுப்பான மனிதர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் விரல் திரையைத் தொடுவதற்கு முன்பே அவருடைய தகவல் போய்விட்டிருந்தது! 'மறுக்கிறேன்' என்று அவர் அழுத்தியிருந்தாலும் அந்த மறுப்புக்குப் பொருள் கிடையாது. ஏமாளிக்கும் எச்சரிக்கையானவருக்கும் அங்கே ஒரே மரியாதைதான் கிடைத்தது. திரட்டிய தகவல்களை அழிக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்திற்குப் பிறகு உத்தரவாயிற்று. ஆனால் கைமாறிப் போனதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

டார்ச்சுக்கு என் இருப்பிடம் எதற்கு? நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். கால்குலேட்டர் தொடர்பு எண்களைக் கேட்டால், "உன் வேலைக்கு இது எதற்கு?" என்று கேளுங்கள். ராசிபலன் செயலி மைக்கைக் கேட்டால் அதையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதைத் தூக்கிவிட்டு, கேட்காத ஒன்றைத் தேடுங்கள். இவ்வளவுதான் நாங்கள் சொல்லும் தேர்வு; இதற்குக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை.

இப்போது கத்தரிக்காய்க்கு வருகிறேன். அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது என்று பேராசிரியை கேட்டார். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 16,450 கோடி டாலர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்காத நிறுவனத்திற்கு அத்தனை பணத்தை யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள்? யாருக்கு எதைக் காட்டினால் வாங்குவார் என்று தெரிந்து வைத்திருப்பதற்காகக் கொடுத்தார்கள். நம் வீட்டுக் கத்தரிக்காய்க்கு மதிப்பில்லை என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்குகிறவர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஒரு நாள் குழம்பில் ஒன்றுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓராண்டுக் குழம்பை ஒன்றாக வைத்துப் பாருங்கள். சர்க்கரை வாங்குவது எந்த மாதத்தோடு நின்றது, எந்த ஆய்வுக்கூடத்தின் முகவரியைத் தேடினார்கள், இரவு இரண்டு மணிக்கு எந்த நோயைப் பற்றிப் படித்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்தால், பெற்ற பிள்ளையிடம்கூட இன்னும் சொல்லாத செய்தி அதில் வந்துவிடும். அமெரிக்காவில் கார் வைத்திருந்தவர்களுக்கு இப்படித்தான் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களை ஓட்டியவர்கள் எப்போது சட்டென்று பிரேக் அடித்தார்கள், எவ்வளவு வேகம் போனார்கள், பின்னிரவில் வண்டியை எடுத்தார்களா என்பதையெல்லாம் திரட்டித் தகவல் தரகர்களுக்கு விற்றது என்று 2024இல் வெளியே வந்தது. அந்த விவரம் காப்பீட்டு நிறுவனங்களின் கைக்குப் போய், சிலருக்குப் பிரீமியம் உயர்ந்தது. பிரேக் அடித்ததில் மறைக்க என்ன இருக்கிறது? குழந்தை குறுக்கே ஓடிவந்திருக்கலாம். ஆனால் குழந்தை ஓடிவந்தது அந்தக் கணக்கில் ஏறாது, பிரேக் மட்டும்தான் ஏறும்.

"மறைக்க ஒன்றுமில்லை" என்பதை வாதத்திற்காக ஏற்றுக்கொண்டாலும், அதைச் சொல்லும் உரிமை நம் ஒருவருக்கு மட்டும் உண்டா? தேர்தல் பிரசாரங்களுக்கு ஆலோசனை சொன்ன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தின் கைக்கு பேஸ்புக் பயனர்களின் தகவல் போன விவகாரம் 2018இல் வெடித்தபோது பேஸ்புக்கே வெளியிட்ட கணக்கைச் சொல்கிறேன். ஆளுமையைச் சோதிக்கும் வினாடிவினா போன்ற செயலி ஒன்றின் வழியாகத்தான் தகவல் போயிற்று. இந்தியாவில் அதை நிறுவியவர்கள் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். மீதி ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் பேரும் எந்தப் பொத்தானையும் அழுத்தியவர்கள் அல்லர். அழுத்திய ஒருவரின் நண்பர் பட்டியலில் இருந்தார்கள், அவ்வளவுதான். பேராசிரியை அவர்களே, உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் போனில் எண் பதிந்திருக்கிற உங்கள் மாணவியிடம் இருக்கலாமே! அவளைக் கேட்டுவிட்டா நீங்கள் 'அனுமதி'யை அழுத்தினீர்கள்?

அப்படியானால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மஞ்சள் அஞ்சலட்டைக்குப் போகச் சொல்கிறீர்களா என்று எதிரணி இளைஞர் ஒருவர் கேட்டார். தேவையே இல்லை. வலையில் உலாவ ஃபயர்பாக்ஸ் இருக்கிறது. அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைச் சேர்த்துவிட்டால் பின்தொடரும் விளம்பரங்களில் பெரும்பகுதி நின்றுபோகும். தேடுவதற்கு டக்டக்கோ இருக்கிறது. வழி பார்க்க, உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் இருக்கிறது. ஊரில் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வழி காட்டும். ஏற்கெனவே இருக்கும் போனிலும் அமைப்புகளுக்குள் போனால், இருப்பிடத்தை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தரவும் வழி இருக்கிறது. மருந்துக்கடையில் பில் போடும்போது போன் எண் கேட்டால் "தர விருப்பமில்லை" என்று சொல்லலாம். வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

"என் அத்தை வாட்ஸ்அப்பில் இருக்கிறாரே, நான் மட்டும் சிக்னலுக்குப் போய் யாரோடு பேசுவது?" என்று அதே இளைஞர் கேட்டது நியாயமான கேள்வி. சிக்னல் என்பது வாட்ஸ்அப்பைப் போலவே செய்தி அனுப்பவும் பேசவும் உதவும் ஒரு இலவசச் செயலி. வாட்ஸ்அப்பில் அத்தைக்கு நீங்கள் எழுதுவதை இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது சிக்னல் குழுவினர் வகுத்த முறைதான். 2016 முதல் அது அங்கே முழுமையாக இருக்கிறது. ஆனால் யார் யாரோடு, எப்போது பேசினார் என்பது வேறு செய்தி; அதை அந்தப் பூட்டு மறைக்காது. 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகச் சிக்னலிடம் பயனர் தகவல்களைக் கேட்டு ஆணை வந்தது. அவர்களால் கொடுக்க முடிந்தவை இரண்டே இரண்டு: கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். வேறு எதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். வாட்ஸ்அப்பை நிறுவிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், அதை பேஸ்புக்கிற்கு விற்ற பிறகு அங்கிருந்து வெளியேறி, 2018இல் ஐந்து கோடி டாலரைக் கொடுத்துச் சிக்னல் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். வீட்டைக் கட்டியவரே வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். ஆகவே, தம்பி, அத்தைக்காக வாட்ஸ்அப் இருக்கட்டும். வங்கி விவரம், மருத்துவச் சீட்டு, பிள்ளைகளின் படம் இவற்றை அனுப்ப வீட்டுக்குள் நான்கு பேர் சிக்னலைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தீபாவளிக்கு அத்தையின் போனிலும் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும், நமக்கு ஏன் கவலை என்றும் எதிரணியில் சொன்னார்கள். சட்டம் தானாக வரவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது எண்பத்தாறு. பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய வயதில் அவர் வழக்குப் போட்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். மறைக்க எதுவும் இல்லாத ஒரு முதியவர், நமக்காக வாங்கிக் கொடுத்த உரிமை அது.

என் நேரம் முடியப் போகிறது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அவர் தையற்கடை நடத்துகிறார். கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். கடையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் பூட்டுப் போட்ட ஓர் இழுப்பறை உண்டு. அதற்குள் ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் தெருப் பெண்கள் அத்தனை பேரின் ரவிக்கை அளவும் எழுதியிருக்கும். ஒரு முறை ஒருவருக்கு அவசரமாக அளவு தேவைப்பட்டு, அவருடைய நாத்தனார் வந்து கேட்டபோதுகூட, "அவங்களையே வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரும் அவருக்கு அதைச் சட்டமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்பி உடம்பைக் காட்டி அளவு கொடுத்தவர்களின் நோட்டு அது என்று அவருக்கே தெரியும்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சில ஆயிரம் குறைந்தபோது, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொன்ன ஒரு செயலியை அவர் இறக்கினார். தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அது கேட்டது. வசதியாக இருந்தது, அழுத்தினார். தவணை தள்ளிப்போனதும் அவரைத் திருடி என்று எழுதிய செய்தியும் படமும் அவர் போனில் இருந்த அத்தனை எண்களுக்கும் போயின. ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண்களுக்கும், மகளின் கல்லூரி ஆசிரியைக்கும், மகளைப் பெண் கேட்டு வந்திருந்த குடும்பத்துக்கும் போயின. கடன் செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது 2022 செப்டம்பரில்தான். இந்தச் சகோதரிக்கு நடந்தது அதற்கு முன்பு.

நான் போய்ப் பார்த்தபோது தன்னைப் பற்றி எழுதியதை நினைத்து அவர் அழவில்லை. "என்னை நம்பி நம்பர் கொடுத்தவங்களுக்கெல்லாம் எவன் எவனோ ராத்திரியில போன் பண்றானாம்" என்று சொல்லித்தான் அழுதார். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டார். சில வீடுகளில் கதவைத் திறக்கவில்லை. இழுப்பறைப் பூட்டைக்கூட மறக்காத பெண்மணியை இந்த வசதி எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

பேராசிரியை அவர்களே, அந்தக் கடைக்கு உங்களை நானே அழைத்துப் போகிறேன். மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம் என்ற கேள்வியை அவர் முகத்தைப் பார்த்து உங்களால் கேட்க முடியுமா? நீங்களும் ஒரு தாய். உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும். நடுவர் அவர்களே, இந்த அரங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்தச் சகோதரியைப் போன்ற நூறு பேரின் எண் இருக்கிறது. அவர்கள் சார்பில், எங்கள் அணிக்கே தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.