1.65 எங்கிருந்து வந்தது?

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் சுற்றி வளைக்காமல் ஒரு வைவாவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிவில் மாணவன், ஆறாவது செமஸ்டர், டேட்டா சயன்ஸை எலெக்டிவாக எடுத்தவன். மினி பிராஜெக்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால் ஐரிஸ் பூ. 150 பூ, மூன்று இனம், இனத்துக்கு 50. இதழின் நீள அகலத்தைக் கொடுத்தால் எந்த இனம் என்று சொல்லும் புரோகிராம். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிக்கா என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். நேரில் பார்த்திருக்கிறாயா தம்பி என்றேன், சிரித்தான். நானும் பார்த்ததில்லை. ஃபிஷர் 1936இல் தன் கட்டுரையில் போட்ட அளவுகள் அவை, இன்றைக்கும் நம் பிள்ளைகள் அதையே பிரித்துக் கொண்டிருக்கிறார்கள். சரி, உன் பாடத்துக்கே வருவோம், எம்25 கான்கிரீட்டுக்கு டார்கெட் மீன் ஸ்ட்ரெங்த், அதாவது கலவை போடும்போது குறிவைக்க வேண்டிய சராசரி வலிமை, எவ்வளவு என்றேன். கேட்டு முடிக்கும் முன்பே, "31.6 சார்." எப்படி வந்தது? "25 கூட்டல், 1.65 பெருக்கல் 4 சார்." அந்த 1.65 எங்கிருந்து வந்தது?

"ஐஎஸ் கோடில இருக்கு சார்."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு மிக்ஸ் டிசைன் நடத்தியவரிடம் கேட்டிருந்தாலும் அநேகமாக இதே பதில்தான் வந்திருக்கும். எம்25 என்றால் சோதனைக்கு வார்க்கும் ஒவ்வொரு கான்கிரீட் க்யூபும் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கும் என்று அந்த ஐஎஸ் கோட், அதாவது இந்தியத் தர விதி, எங்கேயும் சொல்லவில்லை. சோதனை முடிவுகளில் 5 சதவீதத்துக்கு மேல் 25க்குக் கீழே இறங்காது என்றுதான் சொல்கிறது. மணி வடிவ வளைவை வரைந்து இடது ஓரத்தில் 5 சதவீதத்தை வெட்டினால், அந்த வெட்டுக்கோடு சராசரியிலிருந்து 1.645 திட்டவிலக்கம் தள்ளி விழும். அதைத்தான் 1.65 என்று வைத்திருக்கிறார்கள். அந்த 4? உங்கள் சைட்டிலிருந்து போதுமான சோதனை முடிவுகள் இல்லாதபோது எடுத்துக்கொள்ளச் சொல்லும் திட்டவிலக்கம். முடிவுகளைச் சேர்த்து, உங்கள் சைட்டில் சிதறல் அதைவிடக் குறைவு என்று காட்ட முடிந்தால் டார்கெட் கொஞ்சம் இறங்கும், சிமென்ட் மிச்சமாகும். புள்ளியியல் அப்படியே பணமாக மாறும் இடம் இது. இதை இரண்டு மாடிக்குக் கீழே லேபில் வைத்துக்கொண்டு, மேலே உட்கார்ந்து பூ பிரித்துக் கொண்டிருக்கிறோம்.

இங்கே பெரும்பாலும் சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள்ஈ ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் துறைக்கு டேட்டா சயன்ஸ் பாடத்திட்டம் எப்படி அமைப்பது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அல்காரிதத்தில் தொடங்காதீர்கள், அளவீட்டில் தொடங்குங்கள். ஒரு எண் எந்தக் கருவியில், யார் கையில், எந்த நிலைமையில் பிறந்தது என்று கேட்கப் பழகாத பிள்ளைக்கு நீங்கள் எத்தனை மாடல் சொல்லிக் கொடுத்தாலும் அது ஐரிஸ் பூவில்தான் போய் நிற்கும்.

ஆனால் சிலபஸ் கமிட்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நடப்பது வேறு. 3 கிரெடிட், 5 யூனிட், 45 பீரியட். ஒருவர் ரேண்டம் ஃபாரஸ்ட் வேண்டும் என்பார், ஒருவர் டீப் லேர்னிங், கம்பெனியிலிருந்து வந்த நிபுணர் கிளவுட், இப்போது எல்லோரும் சேர்ந்து ஜெனரேட்டிவ் ஏஐ. எதையாவது எடுத்துவிடலாம் என்று சொல்ல ஆள் கிடையாது. பந்தியில் இலை கொள்ளாத அளவு பரிமாறிவிட்டு, சாப்பிட ஐந்து நிமிடம் கொடுத்த கதைதான்.

வில்லியம் கிளீவ்லாண்ட் என்ற புள்ளியியலாளர் 2001இல் டேட்டா சயன்ஸ் என்ற பெயரிலேயே பல்கலைக்கழகத் துறைகளுக்கு ஒரு செயல்திட்டம் எழுதினார். எதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று சதவீதக் கணக்கே போட்டார். மற்ற துறைகளோடு சேர்ந்து அவர்களுடைய தரவில் வேலை செய்ய 25. கணினி வேலைக்கு 15. கருவிகளை மதிப்பிட 5. நம் சிலபஸில் இந்தக் கணக்கு தலைகீழாகக் கிடக்கிறது. லைப்ரரி பெயர்களே ஒரு யூனிட்டை நிரப்பிவிடுகின்றன.

இன்னொன்று, புதிதாக எதையும் சேர்க்காமலே செய்யக்கூடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரில் பைத்தான் இருக்கிறது, இரண்டாம் செமஸ்டரில் புள்ளியியலும் எண்முறைகளும் இருக்கின்றன. அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள், பேச்சுவார்த்தை கிடையாது. பைத்தானில் கரண்ட் பில் கணக்கு, கம்பியின் எடைக் கணக்கு என்று போகும். புள்ளியியலில் எட்டுப் பத்து எண்களைக் கொடுத்து, சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட், கையில் கால்குலேட்டர், பின்னால் அட்டவணை. அந்த டி-டெஸ்ட்டை அதே மாணவன் போன செமஸ்டரில் கற்ற பைத்தானில் போட்டுப் பார்த்தால் என்ன? இதற்கு போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட வேண்டியதில்லை. கணக்கு வாத்தியாரும் கம்ப்யூட்டர் வாத்தியாரும் ஒரு டீ குடித்தால் போதும்.

ஐஐடி மெட்ராஸ் 2020இல் டேட்டா சயன்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பைத் தொடங்கியபோது முதல் கட்டத்தில் பைத்தானை வைக்கவில்லை. கணக்கு, புள்ளியியல், ஆங்கிலம், கூடவே கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என்று ஒரு பாடம். அதில் மாணவர்களின் மார்க், கடை பில் இதையெல்லாம் அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாக எடுத்துப் புரட்டி, எண்ணி, வடிகட்டி, தரவு என்றால் என்ன என்பதைக் கையாலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். கோட் அதற்கு அப்புறம்தான். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். நான் கோட் எழுதிய காலத்தில் இப்படி ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தால், இப்போது சொல்லப்போகும் அவமானத்திலிருந்து தப்பித்திருப்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு மெக்கானிக்கல் இறுதியாண்டு அணி ஒன்றுக்கு நான் கைடு. மோட்டாரின் அதிர்வை வைத்து பேரிங் பழுதா இல்லையா என்று கண்டுபிடிக்கும் பிராஜெக்ட். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் வைத்திருக்கும் பேரிங் தரவை எடுத்தார்கள், நல்ல தரவு, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 2 குதிரைத்திறன் மோட்டார், பேரிங்கில் வேண்டுமென்றே சின்னச் சின்னக் குழி போட்டு, 0 முதல் 3 குதிரைத்திறன் வரை சுமை மாற்றிப் பதிந்தது. பிள்ளைகள் ஒரு மாதத்தில் 99 சதவீதத் துல்லியத்தோடு வந்து நின்றார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். பெருமையாக இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன். அப்புறம் நம் லேப் மோட்டாரில் சென்சார் ஒட்டிப் பார்த்தால், நல்ல பேரிங்கைப் பழுது என்கிறது, பழுதானதை நல்லது என்கிறது. பூவா தலையா போட்டுச் சொன்ன மாதிரி.

மாடலை மாற்றினோம், லேயர் கூட்டினோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை தரவை எப்படி வெட்டினார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். கணக்கு இதுதான்: மோட்டார் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,800 சுற்று, அதாவது நொடிக்கு 30. நொடிக்கு 12,000 முறை அளவெடுத்த பதிவு, ஆக ஒரு சுற்றுக்கு 400 புள்ளி. பிள்ளைகள் 1,024 புள்ளிகள் கொண்ட துண்டுகளாக, ஒவ்வொன்றும் முந்தைய துண்டோடு பாதி ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வெட்டியிருந்தார்கள். ஒரு துண்டில் இரண்டரைச் சுற்று. அந்தத் துண்டுகளைக் குலுக்கி, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் தேர்வுக்கு. தேர்வுக்கு வந்த துண்டின் முதல் பாதி பயிற்சியில் இருக்கும் ஒரு துண்டில், இரண்டாம் பாதி இன்னொன்றில். வினாத்தாளை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி முதல் நாளே கொடுத்துவிட்டு மறுநாள் பரீட்சை வைத்திருக்கிறோம்!

துண்டுகளைக் குலுக்குவதை விட்டுவிட்டு, ஒரு சுமையில் எடுத்த பதிவுகளை முழுசாக ஒதுக்கி வைத்துத் தேர்வு வைத்தோம், மார்க் உடனே இறங்கியது. அதுகூட முழு நியாயம் இல்லை, ஏனென்றால் சுமை மாறினாலும் பேரிங் அதே பேரிங்தான். இந்தப் பிழை தரவினுடையதும் இல்லை, பிள்ளைகளுடையதும் இல்லை, கைடாக இருந்த என்னுடையது. மோட்டார் எப்படிச் சுற்றும் என்று எனக்குத் தெரியும். டிரெயின், டெஸ்ட் என்று எப்படிப் பிரிப்பது என்றும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிக்கத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் 45 பீரியடில் ஒன்பதை இந்த ஒரு விஷயத்துக்கே கொடுப்பேன், தேவைப்பட்டால் நியூரல் நெட்வொர்க்கை வெளியே அனுப்பிவிட்டு. அது எங்கேயும் ஓடிப்போகாது, ஆறு மாதத்தில் அவர்களே கற்றுக்கொள்வார்கள்.

தரவு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. 1986 ஜனவரி 28 சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய நாள் இரவு, இவ்வளவு குளிரில் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங் தாங்குமா என்று பொறியாளர்களும் அதிகாரிகளும் தொலைபேசியில் வாதாடினார்கள். அதற்கு முன் பறந்து, பூஸ்டர் திரும்பக் கிடைத்துச் சோதிக்க முடிந்த பயணங்கள் 23. ஓ-ரிங் சேதம் இருந்தவை 7. அந்த 7 புள்ளியை மட்டும் பார்த்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் உறவே தெரியாது, குளிரிலும் சேதம், 75 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம். விட்டுப்போன 16ஐயும் அதே படத்தில் வைத்துப் பாருங்கள். சேதமில்லாத அத்தனையும் 66க்கு மேலோ, 66லேயோ. அதற்குக் கீழே போன நான்கும் சேதம். ஏவிய அன்று காலை உறைநிலையை ஒட்டிய குளிர்.

23 வரி. கிராஃப் தாளில் போடலாம், ஒரு பீரியட் போதும். இதை வகுப்பில் நடத்தும்போது நான் முதலில் அந்த 7ஐ மட்டும் கொடுத்து, ஏவலாமா வேண்டாமா என்று கை தூக்கச் சொல்வேன். பாதிப் பேராவது ஏவலாம் என்பார்கள். மீதி 16ஐக் கொடுத்ததும் வகுப்பில் ஒரு அமைதி வரும் பாருங்கள், கடைசி யூனிட்டில் எத்திக்ஸ் என்று தலைப்புப் போட்டு நடத்தினால் அது வராது.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். டேட்டா சயன்ஸ் செயல்முறையைப் படத்துடன் விளக்குக, 13 மதிப்பெண், இதை வைத்துக்கொண்டு மேலே சொன்னது எதுவும் நடக்காது. வினாத்தாளிலேயே இருபது வரி அட்டவணை அச்சடித்து, அதில் ஒரு இடத்தில் கிலோநியூட்டனை நியூட்டனாக மாற்றி வைத்து, இந்தத் தரவில் என்ன கோளாறு என்று கேளுங்கள். புரோகிராமை இப்போது ஏஐ ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது, அதற்கு மார்க் போட்டு என்ன பயன்? யார் நடத்துவது என்பது நியாயமான கவலை: சிஎஸ்இ ஆசிரியருக்குக் கான்கிரீட் தெரியாது, சிவில் ஆசிரியருக்குப் பைத்தான் வராது. இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும் என்பேன். ஒர்க்லோடு யார் கணக்கில் என்று உடனே எச்ஓடி கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது முதல்வர் தீர்க்க வேண்டியது.

கடைசியாக ரெக்கார்ட் நோட்டு. நாம் எல்லோரும் ரீடிங் சமைத்தவர்கள்தான், மறுக்காதீர்கள். க்யூப் டெஸ்டில் மூன்று க்யூபின் சராசரி எடுக்க வேண்டும், எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. இது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் விலகாது, ஒரு பேட்ச் முழுக்க ஒருத்தருக்கும் விலகாது. 60 ரெக்கார்டும் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மாணவி மட்டும் வந்ததை அப்படியே எழுதி வைத்தாள். 31, 29, அப்புறம் 22. மெஷின் காட்டியது 495 கிலோநியூட்டன், க்யூபின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர், வகுத்தால் 22தான். சராசரி 27.3, மூன்றாவது 19 சதவீதத்துக்கு மேல் கீழே. பக்கத்திலேயே பென்சிலில், "அச்சு எண் 7. ஒரு பக்கம் சமமாக இல்லை என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி. அவளுடைய தோழி 22ஐ 27 ஆக்கி முழு மார்க் வாங்கிவிட்டாள்.

போன மாதம் லேபில் பழைய சாமான் கழிக்கும்போது ஏழாம் எண் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஒரு பக்கத் தகடு வளைந்திருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ரெக்கார்டுகளைப் புரட்டினோம், ஒன்றிலும் இல்லை, எல்லாம் 15 சதவீதத்துக்குள். அவளுடைய பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், போனைக் கொடுக்கிறேன், முன்வரிசையிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே பின்னால் கொடுங்கள். ஓரத்தில் சிவப்பு மையில் "ரிப்பீட்" என்று எழுதி இரண்டு மார்க் குறைத்திருப்பது என் கையெழுத்து.