மார்க்கைக் கரும்பலகையில் எழுதுங்கள்

(காரைக்குடியில், சிலம்பம் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆசான்மார்களே, தம் வீட்டு வளவையே கூட்டத்துக்குத் திறந்துவிட்ட ஆச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் அண்ணன் அவர்களே, பெற்றோர்களே, கம்பும் கையுமாக வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். அமெரிக்க வீரர்கள் ஜோன்ஸும் ரேயெஸும் மோதிய கூண்டுச் சண்டையின் தீர்ப்பு, நடுவர்களுக்குப் பயிற்சி, நம்மூர்ச் சிலம்பம். 'சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்' என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி. இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

2020 பிப்ரவரி 8, ஹூஸ்டன் நகரம், யுஎஃப்சி 247 என்ற கூண்டுச் சண்டைப் போட்டி; அடியும் உண்டு, பிடியும் உண்டு. நமக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஜோன் ஜோன்ஸின் ரசிகன், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முகப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஆயா, பல்லாங்குழிப் பலகையோடு. "எதுக்கப்பு இப்படி அடிச்சுக்கிறாக?" என்றார்கள். பட்டத்துக்கு என்றேன். அஞ்சு நிமிடம் ஒரு சுற்று, மொத்தம் அஞ்சு சுற்று என்று விளக்கினேன். அவ்வளவுதான், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையாக எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் இரண்டும் ரேயெஸ் குழியில் விழுந்தன. மூன்றாவதைக் கையில் உருட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்கள். அதுவும் ரேயெஸுக்கே. ஜோன்ஸ் பிடித்துத் தள்ளி நெருக்கிய கடைசி இரண்டும் ஜோன்ஸுக்கு. இடையில் அடுப்பில் பால் பொங்கியது, ஆயா எழுந்திருக்கவில்லை!

மூன்று நடுவர்களும் ஜோன்ஸ் பக்கமே எழுதியிருந்தார்கள். இருவர் 48-47, ஒருவர் 49-46. சுற்றில் வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்பதுதான் வழக்கமான கணக்கு. 49-46 என்றால் ஐந்தில் நான்கு சுற்று ஜோன்ஸுக்கு. ஆயா குழியைப் பார்த்தார்கள், டிவியைப் பார்த்தார்கள். "அந்த மூணாவது ஆளு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாக?" ரசிகனான என்னிடமே பதில் இல்லை.

மூன்றாம் சுற்றை எப்படியும் வாதாடலாம், சரி. விதிப்படி அடி, பிடியின் பலனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது சமமாக இருந்தால்தான் முன்னேறித் தாக்கியது யார், கூண்டைக் கட்டுப்படுத்தியது யார் என்ற கேள்வி வரும். என் குறை தீர்ப்பின் மேல்கூட இல்லை, மார்க்கைக் கடைசிவரை மறைத்து வைத்ததன் மேல்தான். நான்கு சுற்று முடிந்தும், தான் முந்துகிறோமா பிந்துகிறோமா என்று ரேயெஸுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்தாம் சுற்றை வேறு மாதிரி ஆடியிருப்பார். அதே ஆண்டு மார்ச்சில் கான்சாஸில் இன்விக்டா என்ற பெண்கள் போட்டியில், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மதிப்பெண்ணை அறிவித்தே பார்த்துவிட்டார்கள்.

நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் எந்த மாடு முந்துகிறது என்று ரோட்டோரம் நிற்கும் சிறுவனுக்குத் தெரியும். சிலம்பத்தில் மட்டும் ஏன் ரகசியம்? போன ஆண்டு ஒரு போட்டியில் என் மகள் தோற்றாள். தோற்கட்டும், தப்பில்லை. எத்தனை மார்க் என்று கேட்டேன். தாளைக் கட்டி எடுத்துப் போய்விட்டோம் என்றார்கள். மறுபடியும் அதே பழமொழிதான் ஐயா, சாட்சிக்காரன் காலில் விழுவதைவிட... எதிரே ஆடிய பெண்ணிடமே போய்க் கேட்டோம். "அக்கா, ரெண்டாவது சுற்று உங்களுதுதான்" என்றது அந்தப் பிள்ளை.

ஆகவே நாம் கேட்பது ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ். சுற்று முடிந்ததும் மூன்று நடுவர்களின் மார்க்கும் அதில் ஏற வேண்டும். நடுவர் பயிற்சி பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். மனு நோட்டு வாசல் திண்ணையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். வெள்ளைப் பணியாரம் ஆறுவதற்குள் முடித்துவிடலாம். பேனா ஆச்சியுடையது, மறக்காமல் வைத்துவிட்டுப் போங்கள்.