பெயர்களுக்கு மேல் பெயின்ட் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. எங்கள் தோட்டத்துச் சந்தியில் ஒரு சிப்பாய் சிலை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக வைத்தது. ஆள் உயரம்கூட இல்லை. அடியில் பெயர்கள். திருவிழாவுக்கு முன்னால் அதைப் புதுசாக்க வேண்டும் என்று கோயில் கமிட்டியில் பேச்சு. கம்பி பிரஷால் பாசியைத் தேய்த்து, விரிசலில் சிமெந்து பூசி, எனாமல் பெயின்ட் அடிப்பதாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் சிலை இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கொங்கிரீட் சிலைக்குள் இரும்புக் கம்பி இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கம் எதுவும் லேசில் காயாது. விரிசல் வழியே உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழி வேண்டும். எனாமல் அந்த வழியை அடைத்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் உள்ளேயிருந்தே கொங்கிரீட்டைப் பிளக்கும். கைபோல மெல்லிய பகுதிகள்தான் முதலில் உடையும்.

பாசிக்குச் சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அசிட் வேண்டவே வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். விரிசலில் ஆலங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு சிலையும் பெயர்ந்து வரும். தண்டை மட்டும் அடியை ஒட்டி வெட்டிவிட்டு, வேரை என்ன செய்வதென்று தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கண்டியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறதே, ஒருமுறை போய்ப் பாருங்கள். பிரித்தானியர், இந்தியர், இலங்கையர், கிழக்கு ஆபிரிக்கர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு, பதவியும் இனமும் மதமும் பாராமல் எல்லாரையும் ஒரே மாதிரி நினைவுகூர வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. 1944இல் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டன், தன் தலைமையகத்தைக் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். போர் நமக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கண்டிக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்க ஓர் ஆணைக்குழு உண்டு. நம் சந்திச் சிலைக்கு நாம்தான்.

எனக்குச் சிலையைவிடப் பெயர்கள்தான் முக்கியம். எழுத்து மங்கியிருந்தால் சாயங்காலம் டோர்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடியுங்கள், நிழல் விழுந்து எழுத்துத் தெரியும். போட்டோ எடுங்கள். அப்புறம் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பெரியவர்களிடம் கொண்டுபோய், யார் யாருடைய தாத்தா, எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதி கோயிலில், ஒன்று பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். இந்த வேலைக்கு மழை நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரிசலை அடைக்கும் வேலையை மட்டும், உள்ளே இருக்கும் ஈரம் காயட்டும் என்று, வெயில் காலத்துக்கு, ஜனவரிக்கு மேல் தள்ளிவையுங்கள்.